அப்பாவின் ஸ்வெட்டர், சட்டை, அம்மாவின் கூறைப்புடவை: நைந்துபோனதை எப்படிச் சரிசெய்வது? (டெல்லி)

மயூர்விஹார் மாடிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். கையில் மூன்று துணிகள் இருக்கின்றன. மூன்றையும் தூக்கிப் போட மனம் வரவில்லை. பெட்டிக்குள் பூட்டி வைக்கவும் விருப்பம் இல்லை, முடிந்தவரை உடுத்த வேண்டும்.

முதலாவது, அப்பாவின் ஸ்வெட்டர். கையால் பின்னியது, சாம்பல் நிறக் கம்பளி, 4 ப்ளை (நாலு இழை முறுக்கிய நூல்). வலது முழங்கையில் 3 செ.மீ. அகலத்துக்கு ஓட்டை, அதைச் சுற்றிலும் நூல் இளைத்துக் கண்ணாடி மாதிரி தெரிகிறது. முன்பக்கத்தில் அந்துப்பூச்சி அரித்த சின்னச் சின்னத் துளைகள் வேறு. இரண்டாவது, அவருடைய பருத்திச் சட்டை. உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறது, காலர் மடிப்பு மட்டும் நைந்து உள்ளே இருக்கும் வெள்ளைக் கேன்வாஸ் எட்டிப் பார்க்கிறது. மூன்றாவது, அம்மாவின் கூறைப்புடவை. காஞ்சிபுரம், அரக்கு நிறம், கோர்வைக் கரை (வேறு நிறத்தில் நெய்து உடலோடு கோத்த கரை). நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீளவாக்கு மடிப்பில் நாலைந்து இடத்தில் கீறல் விட்டிருக்கிறது, பெரியது ஒரு சாண் இருக்கும். ஜரிகையும் கறுத்துவிட்டது.

இங்கே பக்கத்தில் இருக்கும் டெய்லர் மூன்றுக்கும் "ஃபியூசிங் ஒட்டிவிடலாம்" என்கிறார். ஃபியூசிங் என்பது இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் பசைத்துணி, அதை ஒட்டுவது சரியா? வீட்டிலேயே செய்யக்கூடியது எது, ரஃபூக்காரரிடம் (கிழிசலை இழை இழையாக நெய்து மூடுபவர்) கொடுக்க வேண்டியது எது? கை ஊசி வேலை ஓரளவுக்கு வரும். ஸ்வெட்டர் பின்னவும் தெரியும், ஆனால் இதுவரை புதிதாகப் பின்னியதுதான், பழுது பார்த்ததில்லை.

நூல்கண்டு:

ஸ்வெட்டருக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஊசியைத் தொடுவதற்கு முன் பூச்சியை ஒழிக்க வேண்டும். முட்டையும் புழுவும் உள்ளே இருந்தால் தைத்த இடத்துக்கு அடுத்தே மறுபடி அரிக்கும். ஸ்வெட்டரைப் பாலிதீன் பையில் போட்டு, காற்றை நன்றாக வெளியேற்றிக் கட்டி, ஃப்ரீஸரில் (மைனஸ் 18 டிகிரி) இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் ஈரம் கம்பளி மேலேயே படியும். வெளியே பறக்கும் அந்துப்பூச்சி துணியைத் தின்பதில்லை, தின்பது அதன் புழு. வியர்வையும் சோற்றுக் கறையும் இருக்கும் இடத்தைத்தான் அது முதலில் தேடிப் போகும். அதனால் அடுத்தது துவையல்.

துவைக்கும்போது ஓட்டை பெரிதாகும், அதைத் தடுக்க வேண்டும். அவிழ்ந்து தொங்கும் ஒவ்வொரு கண்ணியிலும் (பின்னல் வளையம்) வேறு நிறப் பருத்தி நூலைக் கோத்து லேசாகச் சுற்றிக் கட்டிவிடுங்கள். பிறகு கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பு, வெறும் தண்ணீர், பத்து நிமிஷ ஊறல் போதும். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். ஜனவரி மாதத்து டெல்லிக் குழாய்த் தண்ணீருக்கும் கெய்சர் தண்ணீருக்கும் மாறி மாறிப் போனால் கம்பளி சுருங்கிக் கெட்டியாகிவிடும். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாகக் காயவையுங்கள்.

நூல் விஷயத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பழைய கம்பளியைவிட வலுவான நூல் கூடாது. பாலியஸ்டர் தையல் நூல் போட்டால் அது கெட்டியாக நின்று, பக்கத்தில் இருக்கும் கம்பளியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். ஆறு மாதத்தில் ஒட்டு அப்படியே இருக்கும், அதன் ஓரம் முழுக்கக் கிழிந்திருக்கும். அடுத்த முறை இழுபடும்போது அறுவது ஒட்டின் நூலாக இருக்க வேண்டும், அப்பாவின் துணியாக இருக்கக் கூடாது. எனவே 4 ப்ளை ஸ்வெட்டருக்கு 3 ப்ளை கம்பளி, அல்லது 4 ப்ளையைப் பிரித்து மூன்று இழை. வர்த்தமான், ஓஸ்வால் என்ற நூல் கம்பெனிகள் இரண்டிலும் சாம்பலில் பல சாயல்கள் உண்டு. ஸ்வெட்டரையே கடைக்கு எடுத்துப் போய் வெளி வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அக்ரிலிக்கை நம்பி வாங்காதீர்கள். ஒரு இழையைக் கொளுத்தினால் கம்பளி முடி கருகும் வாடையோடு பொடியாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும்.

சின்னத் துளைகளுக்கு நூல் வாங்கவே தேவையில்லை. கையால் பின்னியது என்பதால் பக்கவாட்டுத் தையலுக்குள் நீளமான நூல் வால்கள் ஒளித்து வைத்திருப்பார்கள். அதே நிறம், அதே வயது. துளையில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு கண்ணிதான் அறுந்திருக்கும். 2 மி.மீ. க்ரோஷே ஊசியால் கீழே ஓடிய கண்ணியை ஏணி ஏற்றுவது மாதிரி மேலே கொண்டுவந்து, அறுந்த கண்ணியின் பாதையிலேயே மழுங்கிய கம்பளி ஊசியால் நூலை ஓட்டி மூடுங்கள். இரு பக்கமும் மூன்று கண்ணி கூடுதலாக ஓட்டினால் முடிச்சே தேவைப்படாது. முடிச்சு போட்டால் அந்த இடம் தடித்து, உரசி, அதுவே அடுத்த ஓட்டைக்கு வழி செய்யும்.

முழங்கைக்குக் குறுக்கும் நெடுக்குமாக நெய்யும் டார்னிங் வேண்டாம் என்பது என் கருத்து. 2 செ.மீ. வரைதான் அது சரிப்படும். நெய்த ஒட்டு நீளாது, பின்னல் நீளும். கையை மடக்கும்போதெல்லாம் ஓரம் இழுபடும். உங்களுக்குப் பின்னத் தெரியும் என்பதால் ஒட்டையும் பின்னியே போடுங்கள். ஓட்டைக்குக் கீழே, இளைக்காத நல்ல வரிசை ஒன்றைப் பாருங்கள் (ஓட்டையிலிருந்து 2 செ.மீ. தள்ளி இருக்கும்). ஓட்டையின் அகலத்தோடு இளைத்த பகுதியையும் சேர்த்துக் கணக்கிட்டு, அந்த வரிசையில் ஒவ்வொரு கண்ணியின் வலது காலையும் 10 நம்பர் ஊசியில் (3.25 மி.மீ.) எடுங்கள். அங்கிருந்து ஒரு வரி சீதா (நேர்ப் பின்னல்), ஒரு வரி உல்டா (மறுபக்கப் பின்னல்). ஒவ்வொரு வரியின் கடைசிக் கண்ணியையும், ஸ்வெட்டரில் அதற்கு நேராக இருக்கும் கண்ணியின் ஒரு காலையும் சேர்த்துப் பின்னினால் ஒட்டின் ஓரம் பின்னும்போதே இணைந்துகொண்டே வரும். ஓட்டைக்கு மேலே 2 செ.மீ. போனதும் கண்ணிகளை மூடாமல், ஒவ்வொன்றையும் ஸ்வெட்டரின் கண்ணியோடு ஊசியால் கோத்துவிடுங்கள். மூடினால் விளிம்பு மேடு தட்டும், மேஜையில் முழங்கை ஊன்றும்போது உறுத்தும்.

பக்க ஓரத்தை ஒரே நேர்கோட்டில் நிறுத்தாதீர்கள். பாரம் முழுக்க ஒரே கண்ணி வரிசை மேல் விழுந்து அங்கேயே பிளக்கும். ஒரு வரி ஒரு கண்ணி வெளியே, அடுத்த வரி ஒரு கண்ணி உள்ளே என்று பல்லுப் பல்லாக விடுங்கள். பழைய ஓட்டையின் விளிம்பை வெட்டவும் வேண்டாம். உள்பக்கம் திருப்பி, ஒட்டோடு தளர்வாகப் பிடித்துவிட்டால் போதும். கடைசியில் ஈரத் துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை அழுத்தாமல் மேலே பிடித்து ஆவி காட்டுங்கள். புது நூலும் பழைய நூலும் அப்போதுதான் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும்.

இடது முழங்கையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கேயும் இளைத்திருந்தால், அறுவதற்கு முன்பே மெல்லிய இரண்டு இழைக் கம்பளியைக் கண்ணியின் மேல் கண்ணியாக ஓட்டிவிடலாம். ஓட்டை விழுந்த பிறகு ஆகும் வேலையில் கால்பங்குகூட ஆகாது.

காஜாபட்டன்:

சட்டைதான் மூன்றில் சுலபம். காலரைத் திருப்பிப் போடுங்கள்.

காலர் பட்டியின் மேல் ஓரத் தையலை மட்டும் தையல் பிரிப்பானால் அவிழ்க்க வேண்டும். பட்டியைச் சட்டையிலிருந்து பிரிக்காதீர்கள். பிரிப்பதற்கு முன் காலரின் நடு, பட்டியின் நடு இரண்டிலும் சின்னதாக நூல் அடையாளம் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு முனை அரை செ.மீ. நீண்டு நிற்கும், பட்டன் போட்டதும் பளிச்சென்று தெரியும். வெளியே வந்த காலரைத் தலைகீழாக்கி, நைந்த பக்கம் கீழே போகும்படி பட்டிக்குள் அதே ஆழத்துக்குச் செருகி, பழைய ஊசித்துளை வழியாகவே தையுங்கள். நைந்த கோட்டுக்கு மேல் முன்கூட்டியே நாலைந்து வரி ஓட்டுத் தையலைப் பருத்தி நூலால் போட்டுவிட்டால் கீழ்ப்பக்கமும் தாங்கும்.

பார்க்க வேண்டியது ஒன்று. காலர் நுனியில் காஜா இருந்தால் திருப்ப முடியாது. கீழ்ப்பக்கத்தில் பிளாஸ்டிக் குச்சி செருகும் பை இருந்தால் அது மேலே வந்துவிடும், அதை மூடித் தைக்க வேண்டும். இரண்டு பக்கமுமே நைந்திருந்தால் சட்டையின் பின்கீழ் ஓரத்திலிருந்து துணி எடுத்துப் புதுக் காலர் வெட்டலாம். அங்கே வேறு வெள்ளைத் துணி சேர்த்தாலும் பேண்ட்டுக்குள் போய்விடும். சட்டைக் காலருக்கு உள்ளே ஃபியூசிங் போடுவதில் தவறில்லை, கடைச் சட்டையில் பெரும்பாலும் ஏற்கெனவே அதுதான் இருக்கிறது.

முனிர்கா மூணாவது மாடி:

புடவைக்கும் ஃபியூசிங் வைக்கலாமே? அடியில் மெல்லிய ஃபியூசிங் ஒட்டி, மேலே ஒரு பூ வேலை செய்துவிட்டால் கீறல் தெரியாது. டிரை கிளீனிங் கொடுத்தால் ஜரிகையும் பளபளப்பாகும் என்று நினைக்கிறேன்.

தறிவீடு:

வேண்டாம். பட்டுக்கு ஃபியூசிங் கூடவே கூடாது. அதன் பசையை உருக்கவே பெரும்பாலும் 120 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பழைய பட்டுக்கு அந்தச் சூடே கேடு. பசை நாளாக ஆக மஞ்சளாகிக் கெட்டிப்படும், பட்டு மட்டும் மடிய வேண்டியிருக்கும். ஒட்டின் ஓரத்தில் புதுக் கீறல் விழும். பிறகு பிரிக்கவும் வழி கிடையாது, பிரித்தால் பட்டு இழை பசையோடு உரிந்து வரும். மேலே போடும் பூ வேலையும் அப்படித்தான். இற்றுப்போன துணியில் நெருக்கமாக ஊசி ஏற்றினால் தபால்தலை ஓரம் மாதிரி துளை வரிசை விழுந்து, அந்த வரிசையிலேயே கிழியும்.

ஏன் மடிப்பில் மட்டும் கீறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் வைத்தியம் தானாகத் தெரியும். நீளவாக்கு மடிப்பில் வளைந்து நிற்பது ஊடை இழை (அகலவாக்கில் ஓடும் நூல்), ஆகவே அறுவதும் ஊடைதான். பாவு இழைகள் (நீளவாக்கில் ஓடுபவை) கீறலுக்கு இணையாக முழுசாகத்தான் இருக்கும். (குறுக்கு மடிப்பில் இது நேர்மாறு.) வருஷக்கணக்காக ஒரே கோட்டில் மடித்து, மேலே ஜரிகையின் பாரம் அழுத்தி, கல்யாணத்தன்று பட்ட வியர்வை உப்பும் சேர்ந்து அந்தக் கோட்டில் மட்டும் பட்டு உயிர் விட்டிருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, அறுந்த ஊடையின் வேலையை வேறு ஒன்றுக்கு மாற்றிக் கொடுப்பது.

முதலில் ஒரு சோதனை. உள்ளே செருகும் முனையில், மடிப்புக் கோட்டின் மேல் ஒரு அங்குலத்தை இரண்டு விரலால் மிக மெதுவாக வளைத்துப் பாருங்கள். இழை தனித்தனியாகப் பிரிந்தால் தைக்கலாம். பொடிப்பொடியாக உதிர்ந்தால் எந்தத் தையலும் நிற்காது, அதை உடுத்தும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். மடிப்புக் கோட்டில் மட்டும் உதிர்ந்து, இரு பக்கமும் 2 செ.மீ. தள்ளி நன்றாக இருந்தால் நம்பிக்கை உண்டு.

ஃபால்ஸ் இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். பருத்தி ஃபால்ஸ் சுருங்கி, கரையை இழுத்துக்கொண்டு நிற்கும். அதுவே பாதிக் கீறலுக்குக் காரணமாக இருக்கும்.

அடித்துணிக்கு அசல் பட்டு ஆர்கன்சா (மெல்லிய, ஊடுருவித் தெரியும் துணி) வாங்குங்கள். நேரு பிளேஸிலும் சாந்தினி சௌக்கிலும் வெறுமனே ஆர்கன்சா என்று கேட்டால் பாலியஸ்டர்தான் எடுத்துப் போடுவார்கள். ஓரத்து இழையைக் கொளுத்திப் பார்த்து வாங்குங்கள், கம்பளிக்குச் சொன்ன அதே சோதனைதான். அரக்குக்கு ஒரு சாயல் அடர்த்தியாக இருப்பது நல்லது, வெளிறியது கீறலுக்குள் வெள்ளைக் கோடாகத் தெரியும். நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். நனைத்த தண்ணீரில் சாயம் இறங்கினால் அந்தத் துணி வேண்டாம்.

நாலு கீறலுக்கு நாலு ஒட்டு போடாதீர்கள். ஒவ்வொரு ஒட்டின் முனையும் புது மடிப்பாகும். முதல் கீறலுக்கு ஒரு ஜாண் முன்பே தொடங்கிக் கடைசிக் கீறலுக்கு ஒரு ஜாண் தாண்டி முடியும் ஒரே பட்டை, 8 செ.மீ. அகலம், பாவும் ஊடையும் புடவையின் வாட்டத்திலேயே இருக்கும்படி. ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டாம், மேடு தட்டும். வளைவு வளைவாக வெட்டி அப்படியே விடுங்கள்.

பெரிய மேஜையில் வெள்ளை வேட்டி விரித்து, புடவையை நல்ல பக்கம் மேலாகப் பரப்பி, ஆர்கன்சாவை அடியில் செலுத்துங்கள். கீறலின் இரண்டு விளிம்பையும் விரலால் தடவி நெருக்குங்கள், இழுத்துச் சேர்க்காதீர்கள். ஊடை சுருங்கியிருந்தால் விளிம்புகள் ஒட்டாது. நடுவில் ஒரு நூல் அளவு இடைவெளி இருந்துவிட்டுப் போகட்டும். பட்டையின் இரு ஓரத்திலும் 2 செ.மீ. நீள ஓட்டுத் தையல் போட்டு நிலைநிறுத்திக்கொண்டு, 12 நம்பர் ஊசியில் ஒற்றைப் பட்டு இழை கோத்து ஆரம்பியுங்கள். கீறலுக்கு ஒரு பக்கம் 1 செ.மீ. தள்ளி நல்ல துணியில் ஊசியை ஏற்றி, கீறலைக் குறுக்கே தாண்டி, மறுபக்கம் 1 செ.மீ. தள்ளி இறக்குங்கள். மேலே கிடக்கும் அந்த நீள இழையை 4 மி.மீ.க்கு ஒரு சின்னக் குறுக்குத் தையலால் ஆர்கன்சாவோடு பிடியுங்கள். அடுத்த நீள இழை 3 மி.மீ. தள்ளி. ஊசி இழைகளுக்கு இடையில் இறங்க வேண்டும், இழையைக் குத்தக் கூடாது. நூல் படுத்துக் கிடந்தால் போதும். கொஞ்சம் இறுக்கினாலும் சுருக்கம் விழுந்து விளிம்பு அறும். தொடக்கமும் முடிவும் ஆர்கன்சாவில் இரண்டு குட்டிப் பின்தையல், முடிச்சு கிடையாது. நல்ல துணிக்குள் போகும் நீளத்தை ஒன்று விட்டு ஒன்று 1 செ.மீ., 1.5 செ.மீ. என்று மாற்றுங்கள். ஓரம் ஒரே நேர்கோட்டில் நின்றால் அங்கேயே பிளக்கும் என்று நூல்கண்டு ஸ்வெட்டருக்குச் சொன்ன காரணம்தான் இங்கேயும்.

நூலைக் கடையில் தேட வேண்டியதில்லை. உள்ளே செருகும் முனையில், முந்தானைக்கு எதிர்ப் பக்கம், ஊடையிலிருந்து இழை உருவி எடுக்கலாம். நிறம் அப்படியே பொருந்தும். உருவும்போதே அறுந்துகொண்டே வந்தால் அந்த நூல் தையலுக்கு ஆகாது. அப்போது கினாரி பஜாரில் பட்டு நூல் வாங்கி ஒற்றை இழையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஜரிகையைத் தொடாதீர்கள். பட்டு இழை மேல் தட்டையான வெள்ளிக் கம்பி சுற்றி அதற்கு மேல் தங்கம் பூசியது அது. கறுத்திருப்பது வெள்ளி. புளி, எலுமிச்சை, பற்பசை என்று தேய்த்தால் கறுப்போடு மிச்சமிருக்கும் தங்கமும் போகும். டிரை கிளீனிங்கில் அழுக்கும் எண்ணெயும் போகுமே தவிர இந்தக் கறுப்பு போகாது. கீறல் விட்ட புடவையை அந்த இயந்திரத்தில் சுழல விடுவதும் ஆபத்து.

மயூர்விஹார் மாடிவீடு:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. சோதித்துப் பார்த்தேன், இழை பிரிகிறது, உதிரவில்லை. இரண்டு சந்தேகம். இந்தப் புடவை வேலையை ரஃபூக்காரரிடம் கொடுத்தால் இன்னும் நேர்த்தியாக வராதா? தைத்த பிறகு உடுத்தலாமா?

ஊசிமுனை:

ரஃபூ வேறு வேலை. கோட்டில் சிகரெட் சுட்ட துளை, சால்வையில் அந்து அரித்தது, ஆணி மாட்டிக் கிழிந்தது, எலி கடித்தது, இவற்றுக்கு ரஃபூவை மிஞ்ச எதுவும் இல்லை. சுற்றிலும் துணி திடமாக இருக்கும்போது, பாவையும் ஊடையையும் ஒவ்வொரு இழையாக ஊசியால் மறுபடி நெய்வது அது. டெல்லியில் இந்த வேலை செய்பவர்கள் பலர் பிஜ்னோர் மாவட்டத்து நஜீபாபாத்காரர்கள். காஷ்மீர் சால்வைகளைத் தலைமுறை தலைமுறையாகச் சரிசெய்து வந்த குடும்பங்கள், அவர்கள் கைக்கு இணை இல்லை. ஆனால் மடிப்பில் இற்றுப்போன பட்டில் அந்த நெய்தலுக்குப் பிடிமானமே கிடையாது. நெய்த நூலின் இழுப்பை நலிந்த இழைதான் தாங்க வேண்டும், தாங்காது. நேர்மையான ரஃபூக்காரரே பார்த்துவிட்டு "கப்டா கல் கயா ஹை" (துணி இற்றுப்போய்விட்டது) என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஸ்வெட்டரையும் கொடுக்காதீர்கள். பின்னல் துணியில் சிலர் ஓட்டையை இழுத்து மூடித் தைத்துவிடுவார்கள்.

வேறு எதற்காவது ரஃபூ கொடுக்க நேர்ந்தால், முன்பு செய்த வேலையின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் எல்லோருடையதும் நன்றாகத்தான் தெரியும். "தாகா இஸீ கப்டே ஸே நிகாலியேகா" (நூலை இதே துணியிலிருந்து எடுங்கள்) என்று சொல்லி, எந்த ஓரத்திலிருந்து நூல் எடுக்கலாம் என்பதை நீங்களே காட்டுங்கள். ஒரு சின்னத் துளையை முதலில் செய்ய வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். கூலியை மொத்தமாகப் பேசாமல் ஒவ்வொரு துளைக்கும் தனியாகப் பேசிக்கொண்டால் பிறகு பேச்சு வராது.

தறிவீடு:

உடுத்தலாம், ஆனால் இனி அது நாள் முழுக்கக் கட்டும் புடவை இல்லை. பூஜைக்கு, ஒரு முகூர்த்தத்துக்கு, இரண்டு மணி நேரம். பட்டை இருக்கும் இடத்தில் சேஃப்டி பின் குத்தாதீர்கள். கட்டுவதற்கு முன் ஒரு முறை பரப்பிப் பார்த்து, கீறல் கொசுவத்துக்குள் போகிறதா, இடுப்பைச் சுற்றி வருகிறதா என்று கவனியுங்கள். கொசுவம் என்றால் பரவாயில்லை. இடுப்பு என்றால் உட்கார்ந்து எழும்போது பாரம் முழுக்க அங்கேதான் விழும். முந்தானையைத் தோளில் நிறுத்தும் பின்னை ஜரிகைப் பகுதியில் குத்தாமல், உள்ளே ஒரு சிறு பருத்தித் துண்டு வைத்து அதோடு சேர்த்துக் குத்துங்கள்.

பழைய பட்டு வாங்க வருபவர்கள் நல்ல விலை சொல்வார்கள், மயங்க வேண்டாம். ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்குத்தான் அந்த விலை, புடவை நெருப்புக்குப் போகும். உடல் முழுக்க உதிர்ந்துபோன புடவையாக இருந்தால்கூடக் கரையை மட்டும் பிரித்துப் புது உடலில் வைக்கலாம். உங்களுடையதற்கு அந்த நிலை வரவில்லை, கத்தரி வைக்காதீர்கள்.

வைக்கும் முறை. கஞ்சி போடாத, பலமுறை துவைத்த பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். செய்தித்தாள் கூடாது, ரப்பர் பேண்டும் கூடாது. ஸ்வெட்டர் இருக்கும் தட்டிலும் வைக்காதீர்கள், கம்பளியிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். அந்துருண்டை போடுவதானால் தனித் துணியில் முடிந்து மூலையில், புடவையைத் தொடாமல். 10 செ.மீ. விட்டமுள்ள அட்டைக் குழாயில் வேட்டியைச் சுற்றி அதன் மேல் புடவையைச் சுருட்டினால் மடிப்பே விழாது. அலமாரியில் அந்த அளவு இடம் இல்லாவிட்டால், மடிப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் பருத்தித் துணிச் சுருள் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்புக் கோட்டை மூன்று விரல் நகர்த்துங்கள். மழைக்காலம் முடிந்ததும், அக்டோபரில், ஃபேனுக்கு அடியில் நிழலில் அரை நாள் விரித்துப் போடுங்கள். மொட்டை மாடி வெயிலில் வேண்டாம்.